பார்டர் கோலி எடுக்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது என் முதல் இழை.

வீட்டில் நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன். தனி வீடு. பின்பக்கம் வேலி போட்ட சின்ன இடம் உண்டு. மகள் இரண்டு வருடமாக நாய் கேட்கிறாள். பார்டர் கோலி வீடியோ ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, "அதுதான் உலகத்திலேயே புத்திசாலி நாய், அதுதான் வேண்டும்" என்று ஒரே பிடிவாதம். தெரிந்தவர் மூலமாக ஒரு ஈற்றில் குட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். பிறந்து 5 வாரம் ஆகிறது. சீக்கிரம் முடிவு சொல்லச் சொல்கிறார்கள்.

காலையில் நான் 40 நிமிடம் நடப்பேன், மாலையில் கணவர் அரை மணி நேரம் கூட்டிப்போவார். இது போதுமா? நான் சின்ன வயதில் இருந்தபோது எங்கள் வீட்டில் நாய் இருந்தது, ஆனால் மந்தை மேய்க்கும் இனம் எதையும் வளர்த்ததில்லை. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

ஆட்டுப்பட்டி எழுதியது:

தங்கச்சி, குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே நன்றி. குட்டி வந்து ஆறு மாதம் ஆகி, பிள்ளையின் காலைக் கவ்வின பிறகுதான் பெரும்பாலும் இப்படி இழை தொடங்குவார்கள்.

நான் செம்மறி வைத்திருக்கிறேன். பார்டர் கோலி மூன்று, மூன்றும் வேலை நாய்கள். ஆடு மறிப்பதை நாம் சொல்லிக்கொடுத்து அது கற்றுக்கொள்வதில்லை, முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஓநாய் வேட்டையாடும்போது இரையைப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இதில் முதல் மூன்றையும் கூர்தீட்டி, கடைசி இரண்டை மழுங்கவைத்து மனிதன் உண்டாக்கினதுதான் மந்தை நாய். நாம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் நில், வா, இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்பது மட்டும்தான்.

என் பெட்டை 9 வாரக் குட்டியாக இருந்தபோது நடந்தது. முற்றத்தில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதுவரை செருப்போடு விளையாடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று நின்றது. தலை தாழ்ந்தது, தோள் இறங்கியது, ஒரு முன்கால் மேலே தூக்கினபடியே அந்தரத்தில் நின்றது. கண் மட்டும் கோழி மேல். இமைக்கவில்லை. இதைத்தான் நாங்கள் 'கண்' என்போம். 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஓல்ட் ஹெம்ப் என்று ஒரு நாய் பிறந்தது. குரைக்காமல், அடித்து விரட்டாமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் என்று அதற்குப் பெயர். அதன் வழியில் வந்தவைதான் இன்றைய பார்டர் கோலிகள். நூறு வருடத்துக்கும் மேலாக அந்தக் கண்ணைத்தான் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஆடு இல்லை என்பது அந்தக் குட்டியின் ரத்தத்துக்குத் தெரியாது. ஓடுவது எதுவோ அதை மறிக்கும். உங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது யார்? உங்கள் மகன்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குட்டியின் தாய் தகப்பனைப் போய்ப் பாருங்கள். அவை பட்டியில் வேலை செய்கிற நாய்களா, வீட்டு நாய்களா என்று கேளுங்கள். வேலை வழியில் வந்த குட்டி என்றால், 4 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நானே தரமாட்டேன். இன்னொன்று, 8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்க யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான்.

அந்திநடை எழுதியது:

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்காக எழுதுகிறேன் தோழி.

எங்களிடம் ஒரு பார்டர் கோலி இருந்தான். 14 மாதத்தில் வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டோம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப்போனோம். பந்து வீசுவோம், ஓடுவான், கொண்டுவருவான், மறுபடி வீசுவோம். ஓடினால் களைத்துத் தூங்குவான் என்று நினைத்தோம். அவனோ நாளுக்கு நாள் பலம் கூடி, ஒரு மணி நேரம் போதாமல் ஒன்றரை, அதுவும் போதாமல் இரண்டு என்று ஆனது. ஒரு விளையாட்டு வீரனை நாங்களே பழக்கி வளர்த்துவிட்டோம். அவனுக்குச் சும்மா இருக்க மட்டும் தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல், சுவரில் டார்ச் வெளிச்சம் அடித்து விளையாட்டுக் காட்டினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. அதன் பிறகு கைக்கடிகாரத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், கதவுக்கு அடியில் நகரும் நிழல், எதைப் பார்த்தாலும் அங்கேயே படுத்துவிடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், கண் திரும்பாது. வேலியோரமாக ஒரே தடத்தில் ஓடி ஓடி, புல் போய் மண் பளபளவென்று ஒரு பாதை விழுந்திருந்தது. என் தங்கை பிள்ளைகள் வந்து ஓடிப்பிடித்து விளையாடின அன்று, சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் ஒரு மூலையில் சேர்த்தான். சின்னவள் மட்டும் விலகி ஓடினாள். அவள் குதிகாலைக் கவ்விவிட்டான். தோல் கிழியவில்லை, பல் பதிந்திருந்தது.

ஆடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் கொடுத்தோம். அங்கே நன்றாக இருக்கிறான். அவன் கெட்ட நாய் இல்லை. இன்றுவரை நான் அந்த டார்ச்சை மறக்கவில்லை. தயவுசெய்து லேசர் வெளிச்சம், டார்ச் எதையும் வைத்து நாயோடு விளையாடாதீர்கள். அதன் கையில் அகப்படும் பொருள் எதுவும் இல்லாத வேட்டை அது, முடிவே கிடையாது.

நீலவால் எழுதியது:

அந்திநடை அக்கா, இதை மறைக்காமல் எழுதினதற்கு நன்றி. ஆனால் இதைப் படித்துவிட்டு மந்தை நாய் என்றாலே வீட்டுக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்டர் கோலி வைத்திருக்கிறேன், 6 வயது ஆகிறது, என் காலடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லோரும் எவ்வளவு ஓடவிட வேண்டும் என்றே கேட்கிறார்கள். எப்படி ஓய்வெடுக்கக் கற்றுக்கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. குட்டி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 18 மணி நேரம் தூங்க வேண்டும். மந்தை நாய்க் குட்டி தானாகத் தூங்காது, வீட்டில் என்ன அசைந்தாலும் அதற்கு அதில் வேலை இருக்கிறது. தூங்காத குட்டி மாலையில் பேய் பிடித்த மாதிரி கடிக்கும், நாம் இன்னும் ஓடவிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து மேலும் கிளப்பிவிடுவோம். நான் முதல் நாளிலிருந்து ஒரு பாய் போட்டேன். அதில் படுத்தால் தின்பண்டம், எழுந்தால் ஒன்றும் இல்லை. முதலில் 10 நொடி, அப்புறம் ஒரு நிமிடம், அப்புறம் நான் சமைத்து முடிக்கும்வரை. இரண்டு மாதத்தில் பாயை விரித்தாலே கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டாள்.

ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுங்கள். அதன் சாப்பாட்டில் பாதியைப் புல்லில் தூவித் தேடவிடுங்கள். பொம்மைக்குப் பெயர் வைத்து, ஒளித்துவைத்து, எடுத்துவரச் சொல்லுங்கள். சேசர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொருள்களின் பெயர் தெரியும் என்று 2011இல் வந்த ஆய்வைப் பற்றி உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். அதற்குப் பின்னால் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், மூன்று வருடம், ஒரு நாளைக்கு 4, 5 மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். என்னால் அவ்வளவு நேரம் முடியாது, ஒரு நாளைக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம்தான் கொடுக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

ஆனால் ஒன்று, என் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இந்த இரண்டும் இல்லையென்றால் நான் எடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

பெருவிரல் எழுதியது:

எங்கள் சொந்தக்காரர் வீட்டில் கிரேட் பிரனீஸ் இருக்கிறது. அதுவும் ஆட்டுமந்தை நாய்தானே? பிள்ளைகளோடு சாதுவாக இருக்கிறதே?

ஆட்டுப்பட்டி எழுதியது:

அது மந்தையை ஓட்டுகிற நாய் இல்லை தம்பி, காவல் காக்கிற நாய். ஆட்டோடு ஆடாகப் படுத்துக்கிடந்து, ஓநாய் வந்தால் எழுந்து நிற்கும். துரத்தும் ஆசை அதற்கு இருக்கக்கூடாது என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். பார்டர் கோலிக்கு நேர் எதிர். பகலெல்லாம் சோம்பிக் கிடக்கும், ராத்திரி முழுக்கக் குரைக்கும், கூப்பிட்டால் யோசித்துத்தான் வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

ஊசிமருந்து எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். இனம் எதுவாக இருந்தாலும் குட்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கோலி வகை நாய்களில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் கோளாறு உண்டு. ரஃப் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இரண்டிலும் மிக அதிகம், ஷெல்ட்டி என்கிற ஷெட்லாண்ட் ஷீப்டாக்கில் ஓரளவு, பார்டர் கோலியில் குறைவு. மூளைக்குள் மருந்து புகாமல் வெளியே தள்ளும் ஒரு புரதம் இவற்றில் சரியாக வேலை செய்யாது. ஐவர்மெக்டின் என்ற புழு, பூச்சி மருந்தைச் சொறிக்குக் கொடுக்கும் அளவில் கொடுத்தால் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், சமயத்தில் சாவு. மனிதர்கள் பேதிக்குச் சாப்பிடும் லோபரமைடு மாத்திரையும் ஆபத்து. 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, பாதம் வெள்ளையாக இருந்தால் ஐவர்மெக்டின் கொடுக்காதே என்று மருத்துவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இன்று கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும், தெரிந்துவிடும். இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவு ஐவர்மெக்டின் இவற்றுக்கும் பாதுகாப்பானதுதான், அதைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். நானே பார்த்த ஒரு நாய் மருந்தே சாப்பிடவில்லை. குடற்புழு மருந்து கொடுத்த குதிரையின் சாணத்தைத் தின்றிருந்தது. மூன்று நாள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்து, பிறகு பிழைத்தது. இந்த ஒரு பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது நிறம். சாம்பல் கலந்த திட்டுத்திட்டான மெர்ல் நிறம் எல்லோருக்கும் பிடிக்கிறது. தாய், தகப்பன் இரண்டும் மெர்ல் என்றால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும், காது கேட்காமலோ கண் தெரியாமலோ போகும் வாய்ப்பு அதிகம். 'அபூர்வ வெள்ளைக் குட்டி' என்று யாராவது சொன்னால் பெற்றோரின் நிறத்தைக் கேளுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் யோசிப்பவர்கள் தாய் தகப்பனின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோர்கிக்கு முதுகுத்தண்டு வட்டு நழுவும் பிரச்சினை உண்டு. எடை கூடவிடாதீர்கள், கட்டிலிலிருந்து குதிக்கவிடாதீர்கள், பின்னங்கால் இழுத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வெயில் காலத்தில் மயிரை ஒட்ட வெட்டச் சொல்லி வருகிறார்கள். இந்த இனங்களுக்கு இரட்டை மயிர். வெளி மயிர் வெயிலைத் தடுக்கும், உள் மயிர் உதிரும். உதிர்ந்த உள்மயிரைச் சீவி எடுத்தாலே காற்று போகும். மழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலில் படும், சிலவற்றுக்கு மயிர் பழையபடி முளைப்பதும் இல்லை. நடைக்குப் போகும் முன் புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

முல்லைக்கொடி எழுதியது:

நேற்று இரவு மகளை உட்காரவைத்து முழுவதையும் படித்துக்காட்டினேன். அந்திநடை அக்கா எழுதினதைப் படிக்கும்போது அழுதுவிட்டாள். "அவனுக்கு வெளிச்சம் பிடிபடவே இல்லையாம்மா" என்று கேட்டாள்.

குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தாய் தகப்பன் இரண்டுமே வேலை நாய்களாம், எந்தப் பரிசோதனையும் செய்யவில்லையாம். ஆனால் நாய் ஆசை போகவில்லை. எங்களைப் போன்ற வீட்டுக்கு மந்தை இனத்தில் வேறு எது பொருந்தும்? அல்லது வேறு பக்கமே பார்க்க வேண்டுமா?

தாழம்பூ எழுதியது:

ஷெல்ட்டி இரண்டு வளர்த்திருக்கிறேன். சின்ன உடம்பு, பிள்ளைகளோடு மென்மை, சொன்னதைக் கேட்கும். ஆனால் குரைக்கும். அழைப்புமணிக்கு, இலை விழுந்ததற்கு, நீங்கள் எழுந்து நின்றதற்கு. ஒட்டினாற்போல் பக்கத்து வீடு இருந்தால் யோசியுங்கள்.

கோர்கியைப் பொம்மை என்று நினைக்காதீர்கள். மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டின நாய் அது. ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் அதைவிட அழுத்தமாகக் கவ்வும், முதல் நாய்க்கு வேண்டாம். பெல்ஜியன் மாலினோ காவல்துறையில் அழகாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

ரஃப் கோலி பொருந்தலாம். மறிக்கும் வேகம் பார்டர் கோலியை விட நன்றாகத் தணிந்தது, பிள்ளைகளிடம் பொறுமை அதிகம். மயிர் வேலைதான் பெரிது.

நான் ஒன்று சொல்லட்டுமா? குட்டியை விட்டுவிட்டு, நாய்க் காப்பகங்களில் 3, 4 வயது நாயாகத் தேடுங்கள். குட்டி என்றால் எப்படி வளருமோ என்று ஊகிக்க வேண்டும். வளர்ந்த நாய் என்றால் குணம் கண்ணெதிரே நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், மகனை அதன் கண்முன்னால் கொஞ்சம் ஓடவிடுங்கள், வாரைக் காப்பகத்து ஆள் பிடித்திருக்கட்டும். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா, பார்வை எடுக்காமல் உறைந்து நிற்கிறதா? அந்த ஒரு நிமிடத்தில் பாதி தெரிந்துவிடும்.

நீலவால் எழுதியது:

இதை வழிமொழிகிறேன். எந்த நாய் வந்தாலும் மகனுக்கு ஒன்று பழக்குங்கள்: நாய் துரத்தினால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும். ஓடாததை மறிக்க நாய்க்குப் பெரும்பாலும் தோன்றாது. அறைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தடுப்புக் கதவு போடுங்கள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் நேரம், நாய் தடுப்புக்கு அந்தப் பக்கம். பெரியவர் கண் படாமல் இரண்டையும் தனியாக விடவே கூடாது.

முல்லைக்கொடி எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

நாங்கள் மூன்று காப்பகங்கள் பார்த்தோம். முதல் இடத்தில் மகளுக்குப் பிடித்த நாய் ஒன்று, மகன் ஓடினதும் உறைந்து நின்றுவிட்டது. ஆட்டுப்பட்டி அண்ணா எழுதினது அப்படியே, முன்கால் அந்தரத்தில். மகளே "வேண்டாம்மா" என்றாள். மூன்றாவது இடத்தில் 4 வயது ரஃப் கோலிக் கலப்பு, பெட்டை. மகன் ஓடினான், பார்த்தாள், ஒரு தடவை வால் ஆட்டினாள், உட்கார்ந்து காதைச் சொறிந்தாள். அவளைத்தான் கூட்டிவந்தோம். செம்பருத்தி என்று பெயர்.

எம்.டி.ஆர்.1 பரிசோதனை செய்தோம், தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் கோளாறு வந்திருக்கிறது. மருத்துவமனை அட்டையில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்கள், கழுத்துப்பட்டையிலும் ஒரு தகடு மாட்டியிருக்கிறேன். ஊசிமருந்து சார், நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

முதல் மூன்று வாரம் சாப்பிடவே பிணங்கினாள், கதவோரமே கிடந்தாள். அப்புறம் பாய் பழக்கினோம், அது மகளின் பொறுப்பு. இப்போது இரவில் விளக்கை அணைத்ததும் எழுந்து மகள் அறைக்குப் போவாள், கட்டிலில் மூக்கை வைத்து மோந்துவிட்டு மகன் அறைக்குப் போவாள், அப்புறம் எங்களிடம் வருவாள். எல்லோரும் இருக்கிறோமா என்று பார்த்த பிறகுதான் நடைவழியில் குறுக்கே படுப்பாள். கணவர் வேலை முடிந்து தாமதமாக வரும் நாளில் படுக்கவே மாட்டாள். ஓரமாக உட்கார்ந்து கதவைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒரு உதவி வேண்டும். காதுக்குப் பின்னால் மயிர் சிக்குப் பிடித்துக் கட்டியாகிறது. சீப்பு பட்டாலே தலையை இழுத்துக்கொள்கிறாள். என்ன செய்யலாம்?

தாழம்பூ எழுதியது:

கத்தரியைக் கொண்டுபோகாதீர்கள், காதுக்குப் பின்னால் தோல் தளர்வாக இருக்கும், மயிரோடு சேர்ந்து மேலே வந்துவிடும், வெட்டுப்பட்டால் தையல்தான். சிக்கின் வேர்ப்பக்கத்தை, தோலுக்கு ஒட்டினாற்போல், இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவை தோலுக்குப் போகாது, வலிக்காது. பிறகு சிக்கை விரலாலேயே நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள், கடைசியில்தான் சீப்பு. ஒரு நாளைக்கு ஒரு சிக்கு போதும். பாயில் படுத்திருக்கும்போது செய்யுங்கள், மகள் முன்னால் உட்கார்ந்து தின்பண்டம் கொடுக்கட்டும். முன்னங்காலுக்கு அடியில், அக்குள் பக்கமும் தடவிப் பாருங்கள். காதில் சிக்கு இருந்தால் அங்கேயும் இருக்கும்.

முல்லைக்கொடி எழுதியது:

பார்த்தேன் அக்கா, இடது அக்குளில் இரண்டு இருக்கிறது. நாளைக்குக் காதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.